கியர் கம்பிக்கு நான் போட்ட பித்தளைக் குமிழ்

அந்தக் குமிழைக் கியர் கம்பியின் தலையில் திருகி ஏற்றிய காலையில் ஷெட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். டிரைவர் சின்னச்சாமி அண்ணன், கண்டக்டர் காதர், பிட்டராகிய நான். இருந்திருக்க வேண்டிய ஒருவர் இல்லை. ஃபோர்மன் தேவசகாயம் போடியில் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஆறு நாள் லீவு. அவர் லீவு எடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதை எழுதச் சொன்னவர்கள் இப்போது தேனி ஷெட்டில் வேலை பார்க்கிறவர்கள். யுத்தம் முடிந்து புது வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. கம்பெனி கொடுத்த கறுப்புக் குமிழைக் கழற்றிப் போட்டுவிட்டு, மதுரையில் வாங்கிய பெரிய பெரிய குமிழ்களை டிரைவர்கள் மாட்டிக்கொள்கிறார்களாம். போன மாதம் என்னைப் பார்க்க வந்த ஒரு டிரைவர் தன் குமிழை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார். "கை நெறைய இருக்குண்ணே. இதப் போட்டதுக்குப் பெறகு வண்டி ஓட்டவே ஒரு சொகமா இருக்கு" என்றார். சுகமாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சுகமாக இருந்ததைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு வயது முப்பத்திரண்டு. இந்த வயதில் என்னை ஓய்வு பெற்றவர் என்று சொல்கிறார்கள். பெட்ரோல் கிடைக்காத யுத்த நாட்களில் சமவெளி பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்புக் கட்டி, அந்தப் புகையில் இஞ்சினை ஓட்டினோம். நாலு வருஷம் அடுப்பைக் கிளறியதில் நெஞ்சு கெட்டுப்போய்விட்டது. இனி ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப படிச்ச படிப்பு?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மயிலாடும்பாறையில் அப்பாவுக்கு இரண்டு குறுக்கம் புஞ்சையும் கொஞ்சம் ஆடுகளும் இருந்தன. எட்டாவது வரை படித்தேன். சாமான் பெட்டிகளின் மேல் இருக்கும் இங்கிலீஷ் எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேனி பஸ் கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், மூன்றாம் வருஷம் ஸ்பானர் கொடுத்தார்கள், ஐந்தாம் வருஷம் பிட்டர் ஆனேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தேவசகாயம் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சிலேட்டுப் பலகை வைத்திருந்தார். வண்டி வெளியே போகும் முன் டிரைவர் சீட்டில் ஏறி உட்காருவார். இஞ்சினை ஓடவிட்டு, கியர் கம்பியின் மேல் இரண்டே இரண்டு விரல்களை, நாடி பிடிக்கிறவரைப் போல வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். யாரும் பேசக் கூடாது. அதில் வருகிற நடுக்கத்தைக் கொண்டே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எங்கே எண்ணெய் வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். இறங்கி வந்து பலகையில் இரண்டு மூன்று வரி எழுதுவார். டிரைவர் அதை வாசித்துக் காட்டாமல் வண்டி நகராது. வாசிக்கத் தெரியாத டிரைவருக்கு நான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஷெட்டில் எனக்கு மரியாதை கிடைத்தது அந்த வேலையால்தான். என்னைவிட வயதில் மூத்த மனிதர்கள் கையைக் கட்டிக்கொண்டு, நான் வாசிப்பதை நின்று கேட்பார்கள்.

சின்னச்சாமி அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாது. பதினெட்டு வருஷ சர்வீஸ். தேனியிலிருந்து சின்னமனூர், கம்பம், கூடலூர் வழியாக மலையேறிக் குமுளி வரை போகும் வண்டி அவருடையது. கரிப் புகைக்கு அந்த ஏற்றம் ஏறாது என்பதால் அந்த ஒரு வண்டிக்கு மட்டும் பெட்ரோல் அளந்து கொடுப்பார்கள். அந்த வண்டியை ஓட்டுவது ஒரு கௌரவம்.

குமிழ் போடுவதற்கு ஒரு வருஷம் முன்பு, இஞ்சினைக் கிளப்பச் சுற்றும் ஹாண்டில் திருப்பி அடித்து அவருடைய இடது மணிக்கட்டு முறிந்தது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டார். எலும்பு கூடியது, ஆனால் கை மடங்கவில்லை. கியர் போடுகிற கை அது. அந்தக் காலத்து கியர் பெட்டியில், இஞ்சின் வேகமும் சக்கரத்தின் வேகமும் ஒத்துவரும் நொடியில் கம்பியைத் தள்ளினால்தான் பல் பல்லோடு சேரும். கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். அரை நொடி பிந்தினாலும் கறகறவென்று கத்தும்.

கம்பெனிக் குமிழ் கறுப்பு ரப்பர். பாதி எலுமிச்சை அளவுதான் இருக்கும். தேய்ந்துபோய் வெயிலில் பிசுபிசுக்கும். அதை உள்ளங்கையால் பிடிக்க முடியாது. விரல்களால் பிடித்து மணிக்கட்டால் திருப்ப வேண்டும். அண்ணனுக்கு அது ஆகவில்லை. மலையில் கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி கத்தியது.

ஒருநாள் கம்பெனி மொதலாளி ஷெட்டுக்கே வந்தார்.

"என்ன சின்னச்சாமி, ஓன் வண்டி பல்லுக் கடிக்கிறது கூடலூர் கடவீதி வரைக்கும் கேக்குதுங்குறாக. கை முடியலேன்னா சொல்லிரு. நான் வேற ஆளப் போட்டுக்கிறேன்."

"கை நல்லாத்தான் இருக்கு மொதலாளி."

"கை நல்லா இருந்தா கியரு ஏன் அழுகுது? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன்."

அவர் போனதும் அண்ணன் என்னிடம் வந்து நின்றார். நிலம் கிடையாது, வேறு தொழிலும் தெரியாது. "தம்பி, இதுக்கு ஏதாச்சும் பண்ண முடியுமாடா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் முடியும் என்றேன்.

எங்கள் பக்கத்து டிரைவர்களிடம் அப்போதே ஒரு பழக்கம் இருந்தது. சிலர் சொந்தமாக ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். ஈட்டி மரத்தில் கடைந்தது, மாட்டுக் கொம்பில் செய்தது என்று விதவிதமாக இருக்கும். வண்டியில் ஏறியதும் கம்பெனிக் குமிழைக் கழற்றிவிட்டுத் தங்களுடையதை மாட்டுவார்கள். இறங்கும்போது கழற்றி மடியில் போட்டுக்கொள்வார்கள். அது செருப்பைப் போல அவரவர் சொந்தச் சாமான். ஷெட்டில் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, பலகையில் எழுதுவதும் இல்லை.

கையை மடக்காமலே, தோளிலிருந்து உள்ளங்கையால் தள்ளும்படி ஒரு பெரிய குமிழ் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அது சரியான யோசனை. இன்றும் அதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். தவறு அடுத்த படியில் வந்தது.

பஞ்சு மில்லில் கழித்துப் போட்ட பித்தளைக் கட்டி ஒன்று கிடைத்தது. அந்த மில்லின் லேத்தில் வேலை பார்த்த முத்தையாவிடம் கொண்டுபோனேன். அவன் அதை உருண்டையாகக் கடைந்து, அடியில் கம்பி ஏறத் திருகு மரை வெட்டிக் கொடுத்தான். முழு எலுமிச்சையைவிடச் சற்றுப் பெரிது. தராசில் பதினைந்து பலம் நின்றது.

"என்னப்பா, வண்டிக்குச் செய்யிறியா, கோயில் கோபுரத்துக்குச் செய்யிறியா?" என்று சிரித்தான். பிறகு உருண்டையைத் திருப்பிப் பார்த்து, "உள்ள கொடஞ்சு விடவா? பாதிக் கனம் கொறஞ்சு போகும்" என்றான்.

"வேண்டாம். கனம் இருக்கட்டும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஜடத்துவம் என்று ஒரு பாடம். இருக்கும் பொருள் இருந்தபடியே இருக்கும். கனம் கூடக் கூட அதை அசைப்பது கடினம். அந்த வண்டியின் கியர் பெட்டியில் ஒரு கோளாறு இருந்தது. பெட்டி மூடிக்குள் சின்ன இரும்புக் குண்டுகளும், அவற்றை அழுத்தும் ஸ்பிரிங்குகளும் உண்டு. கியர் விழுந்ததும் குண்டு ஒரு பள்ளத்தில் உட்கார்ந்து, கம்பி திரும்பி வராமல் பூட்டிக்கொள்ளும். அந்த ஸ்பிரிங்குகள் தளர்ந்திருந்தன. புதியவை கேட்டு ஃபோர்மன் மதராசுக்கு எழுதியிருந்தார். யுத்த காலம், எழுதியதும் வருமா? வரும்வரை ஜாக்கிரதையாக ஓட்டுவது என்பது மொதலாளியின் ஏற்பாடு. குமிழ் கனமாக இருந்தால் கம்பியும் போட்ட இடத்தில் அசையாமல் நிற்கும், ஸ்பிரிங் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அதுவே செய்துவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். படித்தவன் அல்லவா.

ஃபோர்மன் லீவில் போன மறுநாள் காலை குமிழை மாட்டினோம். அண்ணன் ஏறி உட்கார்ந்து உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். ஷெட்டைச் சுற்றி ஒரு நடை ஓட்டினார். ஒன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று. ஒரு சத்தம் இல்லை. முன்பெல்லாம் கம்பியை நடுவில் நிறுத்தி, பல் சேரும் இடத்தைத் தேடித் தேடித் தள்ள வேண்டும். இப்போது கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், மீதித் தூரத்தைக் குமிழின் கனமே இழுத்துக்கொண்டு போனது. அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"காதரு, கேட்டியாடா?"

"என்னத்தண்ணே?"

"ஒண்ணுமே கேக்கலேல்ல? அதத்தான் கேக்குறேன்."

மூன்று பேரும் சிரித்தோம். பிறகு அவர் ஒன்று சொன்னார். "ஒண்ணுதான் தம்பி. முன்ன கம்பி கையில பேசும். கிர்ருனு ஒரு நடுக்கம் வரும், அத வச்சு வேகம் புடிபடும். இப்ப ஊமையா இருக்கு."

"கனம் நடுக்கத்த அமுக்கிருதுண்ணே. நல்லதுதான" என்றேன்.

வண்டி புறப்பட வேண்டும். பலகையை எடுத்தேன். ஃபோர்மன் போகும் முன் எழுதி வைத்தது: பூட்டு ஸ்பிரிங் தளர்வு. இறக்கம் முழுவதும் இரண்டாம் கியர். அடிவாரம் வரும்வரை கம்பியிலிருந்து கையை எடுக்கக் கூடாது.

வாசித்தேன். அண்ணனின் முகம் சுருங்கியது. குமுளியிலிருந்து அடிவாரம் வரை கம்பியைப் பிடித்தபடியே இறங்கினால் ராத்திரியெல்லாம் அந்தக் கை வலிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அது பழைய குமிழுக்கு எழுதுனதுண்ணே" என்றேன். "இப்ப கனமே புடிச்சுக்கிரும். கைய எடுத்து மடியில வச்சுக்கங்க."

பலகையில் இல்லாத அந்த இரண்டு வரிகளையும் பலகையை வாசித்த அதே குரலில்தான் சொன்னேன்.

நாலு நாள் வண்டி அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் மொதலாளியே கம்பம் வரை அதில் போய்வந்து, "சின்னச்சாமி கை நேராயிருச்சு போலருக்கே" என்றார். அண்ணன் வீட்டம்மா புளி போட்டுத் துலக்கிக் கொடுத்ததில் குமிழ் பொன்னாக மின்னியது. வெயிலில் சூடேறினால் அண்ணன் தோள் துண்டை அதன்மேல் போட்டு வைப்பார்.

ஐந்தாம் நாள் பிற்பகல், குமுளியிலிருந்து இறங்கும்போது வண்டி மலைச்சுவரில் மோதியது. நான் அங்கே இல்லை. காதர் சொன்னதை அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மூணாவது வளைவு தாண்டி, ரோட்டுல ஓடைத் தண்ணி அரிச்ச பள்ளம் ஒண்ணு இருக்குல்ல, அதுல முன் சக்கரம் எறங்கி ஏறுச்சு. வண்டி ஒரு குதி குதிச்சுச்சு. டக்குனு ஒரு சத்தம். ஒடனே இஞ்சின் சத்தம் அப்படியே அடங்கிப்போச்சு. நான் வண்டி நிக்கப்போகுதுன்னு நெனச்சேன். வெளிய பாத்தா மரமெல்லாம் பறக்குது. அண்ணே கம்பியப் புடிச்சு உள்ள தள்ளுறாக, தள்ளுறாக, கறகறன்னு கத்துதே தவிர ஏத்துக்கிரல. பிரேக்குல பொக வருது. பெறகு கம்பிய விட்டுட்டு, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்க ஒடிச்சு மலப்பக்கம் விட்டாக. பள்ளத்துப் பக்கம் விட்டிருந்தா நான் உங்கிட்ட பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

"டக்குனு சத்தம் வந்தப்ப கை எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன்.

காதர் என்னைப் பார்த்தான். "நீ சொன்ன எடத்துலதான்" என்றான்.

வண்டியில் பதினொரு பேர். யாரும் சாகவில்லை. கூடலூரில் வெற்றிலை விற்கும் ஒரு அம்மாளுக்கு முழங்கால் நொறுங்கி, பிறகு அது மடங்கவே இல்லை. அண்ணனுக்கு ஏற்கெனவே கெட்ட அதே கை, இப்போது இரண்டு இடத்தில் முறிந்தது.

ஃபோர்மன் கல்யாண வேட்டியோடு நேராக ஷெட்டுக்கு வந்தார். பலகை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் எழுத்து அழியாமல். அதை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இத வாசிச்சுக் காட்டுனீகளா தம்பி?"

"வாசிச்சேன்யா."

"பெறகு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், கனம், முத்தையா குடையட்டுமா என்று கேட்டது, எட்டாம் வகுப்புப் பாடம், மடியில் வைக்கச் சொன்னது. நான் சொல்லி முடித்ததும் கேட்டார்.

"இருக்கும் பொருள் இருந்தபடியே இருக்கும். அந்தப் பாடம் அத்தோட முடிஞ்சிருச்சா?"

எனக்கு அப்போதுதான் மீதி நினைவு வந்தது. போகும் பொருள் போய்க்கொண்டே இருக்கும். வாத்தியார் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். வண்டி குதிக்கும்போது கம்பியின் தலையில் இருக்கும் பதினைந்து பலமும் சேர்ந்து குதிக்கும். ஒரு தடவை ஆட ஆரம்பித்துவிட்டால் தளர்ந்த ஸ்பிரிங்கால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. லேசான ரப்பர் குமிழாக இருந்தால் ஒரு சிலிர்ப்போடு நின்றிருக்கும். அவர் பலகையை ஆணியில் மாட்டிவிட்டு வேட்டி மாற்றப் போனார்.

இரண்டு நாள் கழித்து மோட்டார் இன்ஸ்பெக்டர் வந்தார். நொறுங்கிய வண்டியில் ஏறிப் பார்த்தார். கியர் கம்பி எந்தக் கியரிலும் இல்லாமல் நியூட்ரலில் நின்றது. அது ஒன்றே அவருக்குப் போதுமாக இருந்தது. பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்த நாளிலிருந்து, இறக்கத்தில் கியரைக் கழற்றிவிட்டு இஞ்சினை அணைத்து வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, மிச்சமாகும் பெட்ரோலை வெளியே விற்கிற டிரைவர்கள் சிலர் இருந்தார்கள்.

"நியூட்ரலில் இறக்கியிருக்கிறான். பெட்ரோல் திருட்டு" என்றார்.

"இல்லீங்கய்யா. கம்பி தானா வெளிய வந்திருச்சு" என்று நான் முன்னால் போனேன். "குமிழோட கனம். நான்தான் செஞ்சு மாட்டுனேன்."

அவர் குமிழைக் கையில் வாங்கி எடை பார்த்தார். "இது கம்பெனிச் சாமானா, டிரைவர் சாமானா?"

நான் வாய் திறக்கும் முன் மொதலாளி சொன்னார்: "டிரைவர் சாமான்தாங்க. அவுகவுக கொண்டாந்து மாட்டிக்கிறது."

"அப்படியானால் இதற்கு ரிப்போர்ட்டில் இடமில்லை" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்தார். தளர்ந்த ஸ்பிரிங்கைப் பற்றி ஃபோர்மன் சொல்லத் தொடங்கினார். மூடி உடைந்து எல்லாம் சிதறிக் கிடந்த பெட்டியைக் காட்டி, மோதியதில் எதுவும் தளரும் என்று இன்ஸ்பெக்டர் முடித்துவிட்டார். மொதலாளி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தளர்ந்த ஸ்பிரிங்கோடு வண்டியை அனுப்பியவர் அவர். திருட்டு டிரைவர் என்று எழுதினால் கம்பெனிக்குப் பழி இல்லை.

ஃபோர்மன் அதோடு விடவில்லை. சிதறிக் கிடந்த ஸ்பிரிங்குகளைப் பொறுக்கி எடுத்து, அதே மாதிரியான இன்னொரு வண்டியில் போட்டோம். என் குமிழையும் மாட்டினோம். ஒருநாள் பெட்ரோலுக்கு மொதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு சம்மதித்தார். பிரேக்கை முடுக்கி, பின்னால் கல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் குமுளிக்குப் போனோம். ஃபோர்மனே ஓட்டினார். அதே இறக்கம், அதே இரண்டாம் கியர். இடது கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியது. குமிழ் ஒரு வெட்டு வெட்டி ஆடியது. கம்பி வெளியே வரவில்லை. மேலே திரும்பிப் போய் மறுபடி இறங்கினோம். வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. வந்துவிடாதா என்று அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் உயிரும் அதில்தான் இருந்தது என்பது அப்போது தோன்றவே இல்லை.

அடிவாரத்தில் அவர் வண்டியை நிறுத்தினார்.

"அப்ப குமிழு காரணம் இல்லையாய்யா?" என்று கேட்டேன்.

"அப்படி இல்ல தம்பி. அந்தப் பொட்டியில தண்டு எம்புட்டுத் தேஞ்சிருந்துச்சு, குண்டு ஒக்கார்ற பள்ளம் எம்புட்டு மழுங்கியிருந்துச்சு, யாரு கண்டா? இது வேற பொட்டி. குமிழுதான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. தெரியலன்னு அர்த்தம்." குமிழைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, "தெரியலன்னு எழுதுற பலகை எங்கிட்ட இல்ல" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சின்னமனூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி பேச்சியம்மாள் நின்றார்.

"வாங்க வாத்தியாரே" என்றார். "வாசிக்கத் தெரியாத மனுசன்னுதான உங்கள நம்புனாரு? பலகையில இருந்தத மட்டும் வாசிச்சிருக்கலாம்ல?"

"ஏ புள்ள, சும்மா இரு. அவன உள்ள விடு" என்று உள்ளிருந்து அண்ணன் குரல் வந்தது.

மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் கொண்டுபோன குமிழை வலது கையில் வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"நல்ல வேலடா இது" என்றார்.

"இதாலதாண்ணே எல்லாம்."

"இது மேல பழி போடாத. அன்னைக்கு மேல குமுளியில ரெண்டாவது போட்டப்பவே கை முழுசாத் தள்ளல. அரகொறையாத்தான் விழுந்துச்சு. என் கை எனக்குத் தெரியாதா?"

"அரகொறையா விழுந்திருந்தா மொத வளைவுலயே கழண்டிருக்கும்ணே. அது மூணு வளைவு தாண்டியிருக்கு."

"நீ வண்டியிலயா இருந்த?"

அவர் உண்மையிலேயே அப்படி நம்பினாரா, எனக்காகச் சொன்னாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவரை அரித்துக்கொண்டிருந்தது வேறு. "திருடன்னு எழுதிட்டாகளாமே தம்பி. பதினெட்டு வருசம் ஓட்டியிருக்கேன். சிந்துன எண்ணெயத் தொடச்ச துணியக்கூட வீட்டுக்குக் கொண்டாந்ததில்ல. மோட்டார் ஆபீசுக்கு ஒரு மனு எழுது."

தாளும் மையும் கொண்டுபோயிருந்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். திருடவில்லை என்பதை முதலில் எழுதச் சொன்னார். பிறகு, "எனக்கு எடது கை வெளங்காது. அத மறைச்சு ஓட்டுனேன். கியரு சரியா விழுகாததுக்கு என் கைதான் காரணம். அத எழுது" என்றார்.

பேனாவை நிறுத்தினேன். "அத எழுதுனா அவுக வாங்கி வச்ச லைசென்சு திரும்பக் கெடைக்காதுண்ணே."

"போனாப் போகுது. திருடன்ங்கிற பேரு போகுமுல்ல."

"அப்ப நான் பலகைய மாத்தி வாசிச்சதையும் எழுதுறேன்."

"எதுக்கு? ஓன் வேலையும் போறதுக்கா? இது என் மனு. நான் சொன்னத மட்டும் எழுது. ஓன் தப்ப ஓன் தாள்ல எழுதிக்க."

இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். பேச்சியம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எழுதியிருக்கிறது அதான?" என்று கேட்டார். அதேதான் என்றேன். கட்டுக்கு வெளியே அண்ணனின் இடது பெருவிரல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதை நான்தான் பிடித்து மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. பெட்ரோல் திருட்டு என்ற வரியை எடுத்துவிட்டார்கள். ஊனத்தை மறைத்து ஓட்டியதற்காக லைசென்சை ஒரேயடியாக ரத்து செய்துவிட்டார்கள். அதன்பின் அவர் சின்னமனூர் வெற்றிலை மண்டியில் ஒற்றைக் கையால் கட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அந்த வழியாக எங்கள் பஸ் போனால் தலை நிமிர்ந்து பார்க்க மாட்டாராம், ஆனால் கியர் மாறும் சத்தத்தை வைத்து எந்த டிரைவர் என்று சொல்லிவிடுவாராம். போன கோடையில் காலமானார். நான் இதுவரை எழுதாமல் இருந்த என் தாள் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டி மோதிய ஐந்தாம் மாதம் மதராசிலிருந்து, தபால்காரரிடம் பணம் கட்டினால்தான் கைக்கு வரும் வி.பி. பார்சல் ஒன்று வந்தது. லீவில் போகும் முன் ஃபோர்மன் எழுதிக் கேட்டிருந்த சாமான், அந்த வண்டியின் நம்பர் போட்டு. மொதலாளி அட்டையைப் பார்த்துவிட்டு, "வண்டியே இல்ல, இது எதுக்கு? திருப்பி அனுப்புங்க" என்றார். ஃபோர்மன் என்னைப் பார்த்தார். தபால்காரர் வெயிலில் காத்துக்கொண்டிருந்தார். நான் என் சட்டைப் பையில் கையை விட்டேன்.

பூட்டு ஸ்பிரிங் இரண்டு, இரும்புக் குண்டு இரண்டு, தபால் செலவு உட்பட: ஒரு ரூபாய் மூன்றணா.